முதுமலைக்கு இரண்டு நாள்: முதல்முறை போகிறவர்களுக்கு

முதல் தடவை முதுமலைப் புலிகள் காப்பகத்துக்குப் போனபோது, ஊட்டியை அடுத்த தலைக்குந்தாவில் எங்கள் காரைத் திருப்பி அனுப்பினார்கள். இரண்டாம் தடவை மார்ச் மாதம். காட்டுத்தீ அபாயம் என்று வனத்துறை வண்டியில் காட்டைச் சுற்றிக் காட்டும் சவாரியை நிறுத்தி வைத்திருந்தார்கள், அது சவாரி கிளம்பும் தெப்பக்காடு போய்ச் சேர்ந்த பிறகுதான் எங்களுக்குத் தெரிந்தது. மூன்றாம் தடவைதான் காட்டுக்குள் போக முடிந்தது. அந்த முறை புதிதாக எந்தச் சாமர்த்தியமும் காட்டவில்லை. செய்ய வேண்டியதை வரிசை மாற்றாமல் செய்தோம், அவ்வளவுதான். அந்த வரிசையை இங்கே எழுதி வைக்கிறேன்.

நான் கிளம்பியது ஈரோட்டிலிருந்து, சொந்தக் காரில், நான்கு பேராக. சென்னையிலிருந்து வருபவர்கள் இரவு நீலகிரி எக்ஸ்பிரஸில் ஏறினால் விடிகாலை மேட்டுப்பாளையத்தில் இறங்கலாம். அங்கிருந்து இனிச் சொல்வது எல்லாருக்கும் ஒன்றுதான்.

1. மாதத்தை முதலில் முடிவு செய்யுங்கள், தேதி அப்புறம்

முதுமலை மழைக்காடு அல்ல. பெரும்பகுதி வெப்பமண்டல இலையுதிர்காடு. கூடலூர்ப் பக்கம், அதாவது மேற்கே, மழை அதிகம். தேக்கும் மூங்கிலுமாக அடர்ந்திருக்கும். கிழக்கே மசினகுடி, மோயாறு பக்கம் போகப் போக மழை குறைந்து முள்மரக்காடு ஆகிவிடும். பதினைந்து இருபது கிலோமீட்டருக்குள் இந்த மாற்றத்தைக் கண்ணால் பார்க்கலாம். இதைத் தெரிந்துகொண்டால் எந்த மாதம் போகலாம் என்று உங்களுக்கே பிடிபடும்.

பிப்ரவரி தொடங்கி ஏப்ரல் வரை இலை உதிர்ந்து காடு திறந்து கிடக்கும். விலங்குகள் தண்ணீர் தேடி வெளியே வரும். படம் எடுப்பவர்கள் இந்தக் காலத்தைத்தான் சொல்வார்கள். ஆனால் தீப்பிடிக்கும் காலமும் இதுவே. தரையெல்லாம் காய்ந்த சருகு, ஒரு பீடித்துண்டு போதும். அபாயம் கூடினால் வனத்துறை சவாரியையும் காட்டுக்குள் இருக்கும் விடுதிகளையும் மூடிவிடும். எத்தனை நாளைக்கு மூடுவார்கள் என்பது மழையைப் பொறுத்தது. அதனால் இந்த மூன்று மாதங்களில் போவதென்றால் கிளம்புவதற்கு முந்தைய நாள் காப்பகத்துக்குப் போன் செய்து, திறந்திருக்கிறதா என்று ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். இதைச் செய்யாமல் நாங்கள் ஐந்நூறு கிலோமீட்டர் பெட்ரோலை வீணாக்கினோம்.

ஜூன் முதல் ஆகஸ்ட் வரை தென்மேற்குப் பருவமழை. கூடலூர்ச் சாலையில் மரம் விழும், மண் சரியும், கால்களில் அட்டை ஏறும். செப்டம்பரில் மழை தணிந்து காடு பச்சையாக இருக்கும். அழகுதான், ஆனால் புல்லும் புதரும் ஆளுயரம் நிற்பதால் விலங்குகள் கண்ணில் படுவது குறைவு. முதல்முறை போகிறவர்களுக்கு நான் சொல்வது டிசம்பர், ஜனவரி. விடிகாலையில் குளிர் நன்றாகவே இருக்கும், அதற்கு ஒரு ஸ்வெட்டர் போதும்.

மே மாதத்து சனி, ஞாயிறை மட்டும் தவிர்த்துவிடுங்கள். ஊட்டி மலர்க் கண்காட்சிக்கு வரும் கூட்டமும் நீங்களும் ஒரே மலைப்பாதையில் ஏற வேண்டியிருக்கும்.

2. இரவு எங்கே தங்குவது

நீலகிரிக்குள் வண்டி நுழைய எடுக்க வேண்டிய இ-பாஸ் விண்ணப்பத்தில் தங்கும் இடத்தைக் கேட்பார்கள். அதனால் அறைதான் முதலில்.

வனத்துறைக்கே விடுதிகள் உண்டு. தெப்பக்காட்டில் சில்வன் லாட்ஜ், லாக் ஹவுஸ். தவிர கார்குடி, அபயாரண்யம், மசினகுடி ஆகிய இடங்களிலும் இருக்கின்றன. முதுமலைப் புலிகள் காப்பகத்தின் அதிகாரப்பூர்வ இணையதளத்தில் பதிவு செய்யலாம். வார இறுதி அறைகள் சீக்கிரம் தீர்ந்துவிடும். ஒரு மாதம் முன்பே பாருங்கள். கிடைத்தால் யோசிக்காமல் எடுத்துக்கொள்ளுங்கள். சொகுசு எதிர்பார்க்காதீர்கள். கொசுவலையும் வெந்நீரும் இருந்தால் சந்தோஷப்படுங்கள். ஆனால் ராத்திரி ஜன்னலுக்கு வெளியே புள்ளிமான் கூட்டம் படுத்திருக்கும். எந்த நட்சத்திர ஓட்டலிலும் அது கிடைக்காது.

வனத்துறை அறை கிடைக்காவிட்டால் மசினகுடி. ஹோம்ஸ்டேக்களும் ரெசார்ட்களும் நிறைய. இங்கே ஒரு பொறி இருக்கிறது. இந்தச் சீகூர்ப் பீடபூமி யானைகள் காலங்காலமாகக் கடந்து போகும் வழித்தடம். அந்த வழித்தடம் சட்டப்படி செல்லுபடியாகும் என்று சென்னை உயர் நீதிமன்றம் 2011இல் சொன்னதை உச்ச நீதிமன்றம் 2020 அக்டோபரில் உறுதி செய்தது. அதற்கு முன்பே, 2018இலேயே, அனுமதி இல்லாத ரெசார்ட்கள் பலவற்றுக்கு நீதிமன்ற உத்தரவுப்படி சீல் வைத்தார்கள். எனவே இணையத்தில் அழகான படத்தைப் பார்த்ததும் முன்பணம் அனுப்பாதீர்கள். முதலில் போன் செய்து, “லைசென்ஸ் இருக்கிறதா? ஜி.எஸ்.டி. ரசீது தருவீர்களா?” என்று கேளுங்கள். ஒழுங்காக நடத்துபவர்கள் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். இழுத்துப் பேசினால் வேறு இடம் பாருங்கள்.

“இரவு சஃபாரி உண்டு”, “கேம்ப் ஃபயர் உண்டு” என்று ஆசை காட்டும் இடங்களை நான் பட்டியலிலிருந்தே அடித்துவிடுவேன். இரவில் ஜீப்பில் ஏற்றி டார்ச் அடித்து விலங்கு தேடுவது சட்டவிரோதம். பிடிபட்டால் வண்டிக்காரரோடு சேர்த்து உங்களுக்கும் அபராதம், வழக்கு.

3. இ-பாஸ்

நீலகிரிக்குள் வெளி மாவட்ட வண்டி நுழைய இ-பாஸ் வேண்டும். 2024 மே 7ஆம் தேதி முதல், சென்னை உயர் நீதிமன்ற உத்தரவுப்படி வந்த நடைமுறை இது. காசு கிடையாது. தமிழக அரசின் இ-பாஸ் இணையதளத்தில் கைபேசி எண்ணைக் கொடுத்தால் ஓ.டி.பி. வரும். அதன் பிறகு வண்டி எண், வண்டி வகை, எத்தனை பேர், என்றைக்கு வருகிறீர்கள், எங்கே தங்குகிறீர்கள் என்ற விவரங்கள். எல்லாம் கையில் இருந்தால் ஐந்து நிமிட வேலை.

இதிலும் மூன்று இடங்களில் மாட்டிக்கொள்வார்கள்.

முதலாவது, கடைசி நேரம். 2025 கோடையில் வாரநாளில் 6,000 வண்டி, வார இறுதியில் 8,000 வண்டி என்று நீதிமன்றம் வரம்பு வைத்தது. வரம்பு உள்ள காலத்தில் வெள்ளிக்கிழமை ராத்திரி உட்கார்ந்து விண்ணப்பித்தால் அந்தத் தேதிக்கு இடம் இருக்காது. அறை உறுதியான அன்றைக்கே எடுத்துவிடுங்கள்.

இரண்டாவது, வண்டி எண். கடைசியில் மச்சானின் கார், நண்பனின் கார் என்று வண்டி மாறிவிடும். பாஸ் பழைய எண்ணில் இருக்கும். வண்டி மாறினால் புதிதாக எடுங்கள். சாவடியில் சமாதானம் சொல்லிக்கொண்டு நின்றால் உங்களுக்குப் பின்னால் நிற்பவர்கள் ஹாரன் அடிப்பார்கள்.

மூன்றாவது, “நாங்கள் ஊட்டிக்கே போகவில்லை, முதுமலைக்குத்தானே போகிறோம்” என்கிற நினைப்பு. முதுமலையும் நீலகிரி மாவட்டம்தான். மைசூர்ப் பக்கமிருந்து கக்கநல்லா வழியாக வந்தாலும், கேரளத்திலிருந்து நாடுகாணி வழியாக வந்தாலும் பாஸ் வேண்டும். அரசுப் பேருந்திலோ ரயிலிலோ வருபவர்களுக்குத் தேவையில்லை.

பாஸை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், ஒரு பிரதி அச்சிட்டும் வையுங்கள். மலைமேல் சிக்னல் வரும் போகும். க்யூ.ஆர். கோடு சுற்றிக்கொண்டே இருக்க, ஒரு குடும்பம் அரை மணி நேரம் ஓரமாக நின்றதைப் பார்த்தேன்.

4. பையில் இருக்க வேண்டிய தாள்கள்

ஆளுக்கொரு அடையாள அட்டை, அசலாக. ஆதார் போதும். வனத்துறை விடுதியில் பதிவு செய்த பெயருக்கு உரியவர் நேரில் வர வேண்டும். “அண்ணன் பெயரில் போட்டது சார், அவர் வரவில்லை” என்றால் பேச்சுவார்த்தை நீளும். வண்டிக்கு ஆர்.சி., இன்சூரன்ஸ், புகைச் சான்று. இந்தப் புகைச் சான்றைத்தான் எல்லாரும் மறப்பது. கிளம்பும் முன் தேதியைப் பாருங்கள்.

வாடகைக் கார் என்றால் மஞ்சள் போர்டு வண்டியாக எடுங்கள். வெள்ளைப் போர்டை வாடகைக்கு விடுவது பல ஊர்களில் நடக்கிறது, மலையில் சோதனை வரிசையாக இருப்பதால் மாட்டும். கர்நாடகம் வழியாகத் திரும்பும் திட்டம் இருந்தால் டாக்சிக்காரரிடம் அந்த மாநில பர்மிட் பற்றி முன்பே பேசிவிடுங்கள்.

இந்தப் பகுதி இவ்வளவுதான்.

5. பிளாஸ்டிக்கை வீட்டிலேயே விட்டுவிடுங்கள்

நீலகிரியில் ஒருமுறை பயன்படுத்தி எறியும் பிளாஸ்டிக் எதற்கும் அனுமதி இல்லை. கடையில் வாங்கும் ஒரு லிட்டர், இரண்டு லிட்டர் தண்ணீர் பாட்டிலும் இதில் சேரும். கல்லாறு, பர்லியாறு, குஞ்சப்பனை சாவடிகளில் வண்டியைத் திறந்து பார்ப்பார்கள். பாட்டிலைப் பிடுங்குவதோடு அபராதமும் போடுவார்கள். மேட்டுப்பாளையத்துக் கடையில் ஆறு பாட்டில் வாங்கிக்கொண்டு ஏறி, அடுத்த பத்து கிலோமீட்டரில் அத்தனையையும் கொடுத்துவிட்டு நின்றவர்கள் நாங்கள்.

எவர்சில்வர் பாட்டிலைக் கொண்டுபோங்கள். வழியில் தண்ணீர் ஏ.டி.எம். வைத்திருக்கிறார்கள், நாணயம் போட்டுப் பிடித்துக்கொள்ளலாம். சாப்பாட்டை டிபன் கேரியரில் எடுத்துச் செல்லுங்கள்.

மற்றபடி பையில்: மங்கலான நிறத்தில் முழுக்கைச் சட்டை, முழுக்கால்சட்டை, ஷூ. ராணுவப் புள்ளி போட்ட சட்டை வாங்க வேண்டாம், மான் ஏமாறாது. கொண்டை ஊசி வளைவில் குமட்டல் வருபவர்களுக்கு மாத்திரை, அதுவும் ஏறுவதற்கு அரை மணி முன்பு. பைனாகுலர் இருந்தால் ஆளுக்கொன்று. ஒன்றை நான்கு பேர் பகிர்ந்தால் கை மாறுவதற்குள் விலங்கு போய்விடும். ட்ரோன் வேண்டவே வேண்டாம், புலிகள் காப்பகத்துக்குள் தடை.

கொஞ்சம் ரொக்கமும் வையுங்கள்.

6. எந்த வழி ஏறுவது (இங்கேதான் பெரும்பாலானவர்கள் கோட்டை விடுவது)

ஊட்டியிலிருந்து மசினகுடிக்கு இரண்டு வழி.

ஒன்று கல்லட்டி வழி. சுமார் 30 கிலோமீட்டர், 36 கொண்டை ஊசி வளைவு, செங்குத்தான இறக்கம். மற்றது பைக்காரா, நடுவட்டம், கூடலூர் வழியாகத் தெப்பக்காடு வந்து அங்கிருந்து மசினகுடி. இது ஏறக்குறைய 70 கிலோமீட்டர்.

கைபேசி வரைபடத்தைக் கேட்டால் அது கண்ணை மூடிக்கொண்டு கல்லட்டியைக் காட்டும், ஒரு மணி நேரம் என்று சொல்லும். நாங்களும் நம்பிப் போனோம். தலைக்குந்தாவில் காவலர் ஒருவர் கையைக் காட்டி நிறுத்தி, “வண்டி எந்த ஊர்?” என்றார். ஈரோடு என்றோம். “கூடலூர் சுத்திப் போங்க.” அதற்கு மேல் பேச்சே இல்லை. பிரேக் சூடேறிப் பிடிக்காமல் போய் உயிர்ச்சேதம் நடந்த பாதை அது. மலையில் ஓட்டிப் பழகாத வெளியூர்க்காரர்கள் இறங்குவதைத் தடுத்து வைத்திருக்கிறார்கள். ஏறும் திசையில், அதாவது மசினகுடியிலிருந்து ஊட்டிக்கு, விடுவார்கள். அதையும் அன்றன்றைக்கு மசினகுடியில் கேட்டுக்கொண்டு கிளம்புங்கள். எங்களைத் திருப்பிவிட்டபோது மணி பதினொன்றரை. கூடலூர் நெரிசலைத் தாண்டித் தெப்பக்காடு போய்ச் சேர்ந்தபோது மாலைச் சவாரிக்குச் சீட்டு தீர்ந்திருந்தது. முதல் பயணம் அதோடு முடிந்தது.

ஆகவே கணக்கை இப்படிப் போடுங்கள். மேட்டுப்பாளையத்திலிருந்து ஊட்டி 50 கிலோமீட்டரை ஒட்டி, இரண்டு மணி நேரம். ஊட்டியிலிருந்து கூடலூர் இன்னொரு 50, ஒன்றரை முதல் இரண்டு மணி நேரம். கூடலூரிலிருந்து தெப்பக்காடு 18 கிலோமீட்டர், அரை மணிக்கு மேல். சாப்பாடு, சாவடி, வயிற்றைப் பிரட்டுகிறவருக்காக ஓரம் கட்டுவது எல்லாம் சேர்த்து ஆறு மணி நேரம் என்று வையுங்கள். சனிக்கிழமை மதியம் 1 மணிக்குத் தெப்பக்காட்டில் இருக்க வேண்டுமானால் காலை 7 மணிக்கு மேட்டுப்பாளையத்தில் இருக்க வேண்டும். வழியில் ஊட்டியில் இறங்கி ஏரியைப் பார்த்துவிட்டுப் போகலாம் என்று யாராவது சொன்னால் அவரை இந்தப் பயணத்தில் சேர்க்காதீர்கள். அந்த ஒரு ஏரியில் சவாரி போய்விடும்.

பேருந்தில் வருபவர்களுக்கு: கோயம்புத்தூரிலிருந்து கூடலூருக்கு நேரடிப் பேருந்து உண்டு. ஊட்டியிலிருந்து மைசூர், பெங்களூர் போகும் பேருந்துகள் கூடலூர் வழியாகத் தெப்பக்காட்டைத் தாண்டித்தான் போகின்றன, நடத்துநரிடம் சொன்னால் இறக்கிவிடுவார். ஊட்டி–மசினகுடி சிற்றுந்து கல்லட்டி வழியாகவே இறங்கும். அந்த 36 வளைவையும் பார்த்தே தீர வேண்டும் என்றால் அதில் ஏறிக்கொள்ளுங்கள். அந்த ஓட்டுநர்களுக்கு அது தினசரி வேலை.

இரவுத் தடையையும் மனதில் வையுங்கள். இரவு 9 மணி முதல் காலை 6 மணி வரை முதுமலை, பந்திப்பூர் காட்டுச் சாலை மூடப்படும். கூடலூர்ப் பக்கம் தொரப்பள்ளி சாவடியில் கதவை இறக்கிவிடுவார்கள். 9.05க்குப் போய்க் கெஞ்சினால் இரவு முழுக்க லாரிகளுக்கு நடுவே காரில் தூங்க வேண்டியதுதான். “விடுதியில் ரூம் போட்டிருக்கு” என்பதெல்லாம் எடுபடாது. 7 மணிக்கு மேல் கூடலூரை அடைவீர்கள் என்று தெரிந்தால் அன்றிரவு கூடலூரிலேயே அறை எடுத்துவிடுவது நல்லது.

பெட்ரோலை ஊட்டியிலோ கூடலூரிலோ நிரப்பிக்கொள்ளுங்கள். ஏ.டி.எம். வேலையையும் அங்கேயே முடியுங்கள்.

7. தொரப்பள்ளியைத் தாண்டிய பிறகு

இங்கிருந்து காடு. சாலை தேசிய நெடுஞ்சாலைதான், ஆனால் வண்டியை நிறுத்தக் கூடாது, இறங்கக் கூடாது, ஹாரன் அடிக்கக் கூடாது. 30 கிலோமீட்டர் வேகத்தில் போங்கள்; வேகத்தடைகளே அதற்கு மேல் விடாது. குரங்குக்கு பிஸ்கட், மானுக்குக் கேரட் எதுவும் கொடுக்காதீர்கள். ரோந்து வண்டி பின்னால் வந்துகொண்டே இருக்கும், அபராதம் சில ஆயிரங்களில் போகும்.

சாலை ஓரம் யானை நின்றால்? தூரத்திலேயே வேகத்தைக் குறையுங்கள். எதிரே வரும் பேருந்து ஓட்டுநர் என்ன செய்கிறார் என்று பாருங்கள். அவர் தினமும் பார்ப்பவர். அவர் நின்றால் நீங்களும் நில்லுங்கள், அவர் பின்னால் எடுத்தால் நீங்களும் எடுங்கள். லைட் அடிக்காதீர்கள், கண்ணாடியை இறக்கிக் கைபேசியை நீட்டாதீர்கள். குட்டியோடு இருக்கும் கூட்டமும் தனியாக நிற்கும் ஆண் யானையும்தான் அதிகக் கவனம் தேவைப்படுபவை. காதை அசைக்காமல் விறைப்பாக உங்களையே பார்த்தால் இடம் கொடுக்கச் சொல்கிறது என்று அர்த்தம்.

மசினகுடியிலும் இதே எச்சரிக்கைதான். பொழுது சாய்ந்ததும் அறைக்கு வெளியே நடை போகாதீர்கள். கரடி, யானை, சிறுத்தை எல்லாமே ஊருக்குள் வந்து போகும். சாப்பிட இன்னொரு கட்டடத்துக்குப் போக வேண்டியிருந்தால்கூட அங்கிருக்கும் ஊழியரைக் கூட்டிக்கொண்டு போங்கள்.

8. சவாரி

வனத்துறையின் வண்டி தெப்பக்காடு வரவேற்பு மையத்திலிருந்து கிளம்பும். காலையில் விடிந்ததும் தொடங்கி 10 மணி வரை, மாலையில் 2 மணி தொடங்கி 6 மணி வரை, ஒவ்வொரு சுற்றும் ஒரு மணி நேரத்தை ஒட்டி. வேன் என்றால் தலைக்கு இவ்வளவு, ஜீப் என்றால் வண்டிக்கு இவ்வளவு என்று கட்டணம். பெரிய கேமராவுக்குத் தனி. கட்டணம் அவ்வப்போது மாறும், காப்பகத்தின் இணையதளத்தில் அன்றைக்குப் போட்டிருப்பதுதான் கணக்கு. பதிவையும் அங்கேயே முடித்துவிடுங்கள். நேரில் வாங்கித்தான் ஆக வேண்டும் என்றால் கவுண்ட்டர் திறப்பதற்கு முக்கால் மணி நேரம் முன்பே வரிசையில் நில்லுங்கள்.

எந்தச் சுற்று? முதல் காலைச் சுற்று, அல்லது கடைசி மாலைச் சுற்று. மதியம் 2 மணிக்கு விலங்குகளும் நம்மைப் போல நிழலில்தான் கிடக்கும். இரண்டு நாள் இருப்பதால் நாங்கள் சனி மாலை ஒன்று, ஞாயிறு காலை ஒன்று என்று எடுத்தோம். ஒரே சுற்றோடு திரும்பியிருந்தால் புள்ளிமானும் மயிலும் மட்டும் பார்த்திருப்போம். ஞாயிறு காலையில் காட்டுமாடுகள், கடமான், மரத்துக்கு மரம் தாவிய மலையணில், கடைசி வளைவில் செந்நாய்கள் ஐந்து. புலியைப் பார்க்கவில்லை. புலி பார்க்கத்தான் போகிறோம் என்று குழந்தைகளிடம் சொல்லிக் கூட்டிப் போகாதீர்கள், திரும்பும் வழியெல்லாம் நீங்கள்தான் பதில் சொல்ல வேண்டும்.

வண்டி போகும்போது இருபுறமும் மஞ்சளும் இளஞ்சிவப்புமாகப் பூத்த புதர் நெருக்கமாக இருக்கும். அழகாக இருக்கிறதே என்று படம் எடுப்பார்கள். அது உண்ணிச்செடி, வெளிநாட்டிலிருந்து வந்து காட்டையே விழுங்கிக்கொண்டிருப்பது. மான் தின்னும் புல்லை அது முளைக்கவிடுவதில்லை. நம் பார்வையை மறைப்பதும் அதுதான். புதருக்கு மேலே பார்க்க முயலாதீர்கள், இடைவெளிகளைப் பாருங்கள். விலங்கின் முழு உடலைத் தேடாமல் அசையும் காதையோ வாலையோ தேடினால் சீக்கிரம் கண்ணில் படும். வேனில் யாராவது “அங்கே பார்” என்று கத்தினால் அதோடு முடிந்தது.

இன்னொரு உண்ணி, கடிக்கிறது. வெயில் காலத்தில் புல்லில் உட்கார்ந்தால் ஒட்டிக்கொள்ளும். அறைக்கு வந்ததும் காலையும் இடுப்பையும் பார்த்துவிடுங்கள்.

இப்போது பொறி. மசினகுடியில் இறங்கியதும் ஜீப்காரர்கள் சூழ்ந்துகொண்டு “சஃபாரி, சஃபாரி” என்பார்கள். அவர்கள் காப்பகத்தின் உள்காட்டுக்குள் போக முடியாது. மசினகுடியைச் சுற்றியுள்ள பொதுச் சாலைகளில்தான் ஓட்டுவார்கள், நீங்கள் ஏற்கெனவே வந்த சாலையும் அதில் இருக்கலாம். அதில் யானையே கண்ணில் படாது என்று சொல்ல மாட்டேன். அந்தப் பகுதியை நன்கு தெரிந்த ஓட்டுநர் அமைந்தால் நல்ல பொழுதாகவும் இருக்கும். ஆனால் காசு கொடுக்கும் முன் எந்தச் சாலை, எத்தனை கிலோமீட்டர், எத்தனை மணிக்குள் திரும்புவோம் என்று கேட்டுக்கொண்டு ஏறுங்கள். வனத்துறைச் சவாரி என்று நினைத்து ஏறிவிட்டு அப்புறம் சண்டை போடாதீர்கள்.

9. யானை முகாம்

தெப்பக்காட்டிலேயே, மோயாற்றங்கரையில். வளர்ப்பு யானைகளுக்குச் சாப்பாடு கொடுக்கும் நேரத்தில்தான் பார்வையாளர்களை விடுவார்கள்: காலை 8.30 மணியை ஒட்டியும் மாலை 5.30 மணியை ஒட்டியும், அரை மணி நேரம். தனிச் சீட்டு. கேழ்வரகு, கொள்ளு, அரிசி எல்லாம் வேகவைத்து, வெல்லமும் உப்பும் சேர்த்து, செங்கல் மாதிரி உருட்டி வாயில் வைப்பார்கள். எந்த யானைக்கு எவ்வளவு என்று பலகையில் எழுதியிருக்கும். அதைப் படிப்பதே ஒரு பொழுதுபோக்கு.

நேரச் சிக்கல் இங்கேதான். காலை முதல் சுற்றுச் சவாரி எடுத்தால் முடித்துக்கொண்டு முகாமுக்கு வரலாம். மாலைக் கடைசிச் சுற்றும் மாலை முகாமும் ஒன்றோடொன்று மோதும். ஆகையால் சனி மாலை சவாரி, ஞாயிறு காலை சவாரி, உடனே முகாம். பாகன்களில் பலர் காட்டுநாயக்கர், குறும்பர் போன்ற இந்தக் காட்டு மக்கள். யானையைத் தொட்டுப் படம் எடுக்க விடச் சொல்லி அவர்களை நச்சரிக்காதீர்கள், விட்டால் அவர்கள் வேலைக்குத்தான் ஆபத்து.

10. செலவு

மூன்றாம் முறை எங்களுக்கு ஆன கணக்கைச் சொல்கிறேன். போகவரச் சுற்றிய தூரம் ஐந்நூறு கிலோமீட்டரை ஒட்டி, மலை ஏற்றம் என்பதால் மைலேஜ் குறைந்து பெட்ரோல் சுமார் 3,500 ரூபாய். மசினகுடியில் இரண்டு அறை ஓர் இரவுக்கு 5,000. சவாரி, முகாம், கேமரா, சாவடிச் செலவு, சாப்பாடு எல்லாம் சேர்த்து நான்கு பேருக்கு மொத்தம் 14,000 ரூபாய்க்குள் முடிந்தது. முதல் இரண்டு முறை விலங்கையே பார்க்காமல் திரும்பியபோதும் ஏறக்குறைய இதே தொகைதான் ஆனது.

அறை வாடகை வெள்ளி, சனி இரவுகளில் ஏறும். ஞாயிறு, திங்கள் என்று விடுப்பை மாற்றிப் போட முடிந்தால் அறையும் மலிவு, சாலையும் காலி. அறை முன்பணம் கட்டும்போது, காப்பகம் மூடப்பட்டால் பணம் திரும்பக் கிடைக்குமா என்று வாட்ஸ்அப்பில் எழுத்தாகக் கேட்டு வாங்குங்கள். மார்ச் பயணத்தில் நான் கேட்கவில்லை. காடு மூடியது எங்கள் தப்பில்லை என்று அங்கே சொல்லிவிட்டார்கள், அதுவும் நியாயம்தான்.

உடம்புக்கு ஏதாவது என்றால் மசினகுடியில் ஆரம்ப சுகாதார நிலையம், அதற்கு மேல் கூடலூர் அரசு மருத்துவமனை. இரவில் சாலை மூடியிருந்தாலும் ஆம்புலன்ஸை விடுவார்கள், தயங்காமல் 108ஐ அழையுங்கள்.

11. திரும்பும் நாள்

ஞாயிறு காலை 6 மணிக்குத் தெப்பக்காடு. சவாரி முடிந்து 8.30க்கு முகாம். 9.30க்குள் அறைக்கு வந்து பையை எடுத்து, 10.30க்கு வண்டியைக் கிளப்பிவிடுங்கள். கல்லட்டி ஏற்றத்தில் விட்டால் ஊட்டிக்கு ஒன்றரை மணி நேரம். முதல் கியரும் இரண்டாம் கியரும்தான், ஏசியை அணைத்துவிடுங்கள், மேலிருந்து வரும் சிற்றுந்துக்கு வளைவில் இடம் கொடுங்கள். விடவில்லை என்றால் கூடலூர், அதற்கும் நேரம் இருக்கிறது.

கீழே இறங்க இரண்டு பாதை: குன்னூர், கோத்தகிரி. கோடைக்காலத்தில் ஏறுவது குன்னூர் வழி, இறங்குவது கோத்தகிரி வழி என்று ஒருவழியாக்கிவிடுவார்கள். மற்ற மாதங்களிலும் நான் கோத்தகிரியில்தான் இறங்குகிறேன், வளைவுகள் கொஞ்சம் தாராளம். எது ஆனாலும் கியரில் இறங்குங்கள், பிரேக்கிலேயே காலை வைத்திருக்காதீர்கள். மதியம் 2 மணிக்குள் ஊட்டியைத் தாண்டிவிட்டால் 5 மணிக்குள் மேட்டுப்பாளையம். 4 மணிக்கு ஊட்டியில் டீ குடித்துக்கொண்டிருந்தால், ஞாயிற்றுக்கிழமை வீடு திரும்பும் அத்தனை வண்டிகளோடும் சேர்ந்து நீங்களும் இருட்டில் ஊர்ந்துதான் இறங்க வேண்டும்.